தை அமாவாசையும் கும்மிடிப்பூண்டி வண்டியும்

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஒன்று மாவட்டத் தலைநகரம், மற்றது வடகிழக்கு மூலையில் ஆந்திர எல்லையை ஒட்டிய தொழில் நகரம். ஆனால் ரயிலில் போக நேர்வழி கிடையாது. அரக்கோணம் தடத்து மின்சார ரயிலில் சென்னையை நோக்கி வந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வடக்கே போகும் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும். 2026இல் தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பொங்கல் முடிந்த கையோடு வந்த அந்த ஞாயிறன்று இரண்டு ஊருக்கும் போவதென்று கிளம்பினேன்.

திருவள்ளூருக்குப் போகக் காரணம் அம்மா. இருந்தவரை தை அமாவாசைக்கு வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்காமல் அவள் இருந்ததில்லை. ஹிருத்தாபநாசினி என்று அந்தக் குளத்துக்குப் பெயர். நெஞ்சின் தாபத்தைத் தீர்க்கும் என்பது நம்பிக்கை. உடம்புக்கு வந்த நோய் வெல்லம் போலக் கரைந்துபோகும் என்று சொல்லிச் சொல்லியே அம்மா எங்களை வளர்த்தாள். கும்மிடிப்பூண்டிக்குப் போகக் காரணம், அண்மையில் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வந்த இந்த மாவட்டத்தின் பெயர். அதைப் பிறகு சொல்கிறேன்.

முந்தின இரவே வந்து தங்கியவர்கள் குளத்தைச் சுற்றிலும் படுத்திருந்தார்கள். பாய், போர்வை, தூக்குச்சட்டி, தூங்கும் குழந்தைகள். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான இந்தத் தலத்தின் கதையே படுக்க இடம் கேட்ட ஒருவரின் கதைதான். சாலிஹோத்திர முனிவர் ஓராண்டு உண்ணாமல் தவம் இருந்து, தை அமாவாசையன்று மாவு இடித்துப் படைத்து, விருந்தாளிக்காகக் காத்திருந்தார். ஒரு கிழவர் வந்தார், எல்லாவற்றையும் சாப்பிட்டார். மறுபடி ஓராண்டுத் தவம், மறுபடி அதே கிழவர். சாப்பிட்டு முடித்ததும், களைப்பாக இருக்கிறது, எங்கே படுக்கலாம் என்று கேட்டார். முனிவர் தன் குடிலையே காட்டினார். வந்தவர் பெருமாள். இன்றும் அவர் கருவறையில் பள்ளிகொண்டு, வலக்கையை முனிவரின் தலையில் வைத்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவருக்குச் சோறும் இடமும் கொடுத்தவரைக் கடவுள் தலைதொட்டு வாழ்த்தும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் இந்த மாவட்டத்துக் குழந்தைகள் வளர்கிறார்கள்.

குளப்படியில் ஒரு பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். முழங்கால் மடங்காததால் அவரால் கடைசிப் படிவரை இறங்க முடியவில்லை. "தம்பி, இந்த வெல்லத்தையும் சேத்துக் கரைச்சுடுப்பா" என்று பொட்டலத்தை நீட்டினார். மகன் கத்தாரில், மகள் பெங்களூரில். பொங்கலன்று பானை வைத்து, பால் பொங்கியதைப் போனில் இருவருக்கும் காட்டியிருக்கிறார். "பாத்தாங்க. ரெண்டு பேரும் பொங்கலோ பொங்கல்னு சொன்னாங்க. அப்புறம் அவ்வளவு சோறு வடிச்சு யாருக்குப் போடறது? பக்கத்து வீட்லயும் ஊருக்குப் போயிட்டாங்க." அவர் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அவருடைய வெல்லத்தை நீரில் விட்டபோது அது எந்த நோய்க்கு என்று நான் கேட்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் இறுதியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார், அதனோடு தொடர்புள்ள இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000 என்றது அது. பிரிட்டன் 2018லேயே தனிமைக்கென ஓர் அமைச்சரை நியமித்தது. ஜப்பான் 2021இல் நியமித்தது. கூட்டுக்குடும்பம், கோயில், திருவிழா என்று வாழும் நமக்கு அது எதற்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா போன பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டில் என் குரலே எனக்குக் கேட்காத நாட்கள் உண்டு. டி.வி.யைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருக்கிறேன், யாரோ பேசுகிறார்கள் என்ற நிம்மதிக்காக. ஆனால் என் தனிமைக்கு ஒரு வீடு இருக்கிறது, தெரிந்த மொழி இருக்கிறது, கதவைத் தட்டினால் திறக்கிற பக்கத்து வீடு இருக்கிறது. இவை எதுவுமே இல்லாதவர்களின் தனிமையைப் பார்க்கத்தான் வடக்கு வண்டியில் ஏறினேன்.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கடந்து வண்டி எண்ணூரை நெருங்கும்போது வெளிச்சத்தின் நிறமே மாறிவிடுகிறது. கழிமுகம், சாம்பல், மின்கோபுரங்கள், தொலைவில் புகைபோக்கிகள். வட சென்னை அனல்மின் நிலையம் இந்தப் பக்கம்தான். 2025 செப்டம்பர் 30 அன்று, இங்கே கட்டப்பட்டுவரும் எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாமிலிருந்து வந்தவர்கள். நமக்கு மின்சாரம் தரப்போகும் கட்டடம் அது. அவர்கள் வீட்டுக்கு உடல்கள் போய்ச் சேர்ந்தன. இந்தப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் திசையைப் பார்க்கும் நமக்கு அந்த ஒன்பது பேரில் ஒருவர் பெயராவது தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. அன்றைய செய்தியைப் படித்தேன், பெயர்களையும் படித்திருப்பேன், நிற்கவில்லை.

அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி. பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் உண்டு. அங்கே பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வணிகத்துக்காக வந்து, ஊர் திரும்பாமல் இந்த மண்ணில் அடங்கியவர்களுக்குச் செதுக்கிய பெரிய கல்வெட்டுகளை இன்றும் தொல்லியல் துறை காத்துவருகிறது. அதே துறைமுகத்திலிருந்து அதே டச்சுக்காரர்கள் நம்மவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு எங்கும் கல் இல்லை. ஊரைவிட்டுப் போகிறவர்களின் கதை இந்தக் கரைக்குப் புதிதல்ல.

கவரைப்பேட்டையில் வண்டி ஒரு நிமிடம் நின்றது. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள் இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ் இங்கேதான் பக்கத் தடத்தில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. பீகாருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நிறைந்த வண்டி. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை, பலர் காயமடைந்தார்கள். இருட்டில் முதலில் ஓடிவந்தவர்கள் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள். மொழி தெரியாத மனிதர்களைப் பெட்டிகளிலிருந்து கைபிடித்து இறக்கினார்கள். அந்த இரவில் யாரும் யாரிடமும் நீ எந்த ஊர் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அது உண்மை. வேறு சிலவும் உண்மை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியவர்களைத் தடுத்து நிறுத்த முதலமைச்சர் முதல் போலீஸ் வரை பேச வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. 2025 ஜூலையில் இந்த மாவட்டத்து ஆரம்பாக்கம் அருகே ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில் வடமாநிலத்தவர் ஒருவர் கைதானார். அந்தக் குழந்தைக்காக ஊர் கொதித்தது நியாயம். ஆனால் கோபம் ஒருவனோடு நிற்கவில்லை, தெருவில் நடக்கும் ஒவ்வொரு வடநாட்டுப் பையன் மீதும் பாய்ந்தது. டிசம்பர் இறுதியில் இதே மாவட்டத்துத் திருத்தணியில், வடமாநில இளைஞர் ஒருவரை நம் ஊர்ச் சிறுவர்கள் நால்வர் அரிவாளால் வெட்டி, அதை செல்போனில் படமும் பிடித்தார்கள். அவர்களுக்குப் பதினேழு வயதுதான். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வெட்டுப்பட்டவனுக்காகவும்தான், வெட்டியவர்களுக்காகவும்தான். எதிரில் நிற்பவன் ஒரு தாயின் பிள்ளை என்பது தோன்றாத அளவுக்கு நம் பிள்ளைகளின் மனம் எப்படி ஆனது?

கும்மிடிப்பூண்டி இந்தத் தடத்தில் பெரும்பாலான மின்சார ரயில்களுக்குக் கடைசி நிலையம். இறங்கியதும் கண்ணில் படுவது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைகளின் வார விடுமுறை நாள் இது, இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் மட்டும் ஷிப்ட் மாற்றி ஓடிக்கொண்டே இருக்கும். கடைத்தெருவில் கடுகெண்ணெய் பாட்டில்கள், சத்துமாவு, அவல், செல்போன் ரீசார்ஜ் கடைகள், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள், இந்தியிலும் எழுதிய பலகைகள். முடிதிருத்தும் கடையில் வரிசை. கோழிக்கடையில் வரிசை. வாங்குகிறவனும் விற்கிறவனும் விரலால் பேசிக்கொள்கிறார்கள். வியாபாரத்துக்கு அது போதும்.

ரயில் நிலையத்திலேயே, நடைமேடையின் வடகோடியில், ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். வண்டி ஏறுகிறவன் மாதிரித் தெரியவில்லை, பையில்லை. நான் இளவயதில் பிலாயில் வேலை பார்த்தவன், அதனால் இந்தி வரும். எந்த ஊர் என்று கேட்டேன். ஜார்க்கண்டில் பலாமு மாவட்டம் என்றான். யாருக்காகக் காத்திருக்கிறாய் என்றதற்குச் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து உட்காருவானாம். ஹவுரா, பாட்னா, குவாஹாத்தி பக்கம் போகும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் இந்த நிலையத்தில் நிற்காமல் கடக்கும். அவற்றைப் பார்ப்பான். "ஜன்னலில் நம் ஆட்கள் தெரிவார்கள், அங்கிள். ஒரு நொடிதான். சில பேர் கையாட்டுவார்கள்."

டீ சாப்பிடலாம் வா என்றதும் தயங்கினான். போலீஸா என்று கேட்டான். இல்லை, சும்மா எழுதுகிறவன் என்று நம்ப வைக்கச் சற்று நேரம் பிடித்தது. ரோலிங் மில்லில் வேலை. சிவக்கச் சிவக்க வரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடும் பகுதியில் நிற்கிறான். பன்னிரண்டு மணி நேரம், கான்ட்ராக்டர் மூலம். லைன் வீட்டில் ஓர் அறையில் ஆறு பேர் என்றான். அப்படியென்றால் துணைக்கு ஆள் இருக்கிறதே என்றேன். அவன் சொன்ன பதில் இன்னும் என்னோடு இருக்கிறது. மூன்று பேருக்குப் பகல், மூன்று பேருக்கு இரவு. இவன் எழுந்த பாயில் அவன் படுப்பான். தன் பாயில் உறங்குகிறவனின் முகத்தை விழித்த நிலையில் பார்த்துப் பல வாரங்கள் ஆகின்றன. "அவன் தூங்கும்போது நான் சத்தமில்லாமல் சமைப்பேன். நான் தூங்கும்போது அவன் சத்தமில்லாமல் சமைப்பான்."

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து கிடந்திருக்கிறான். மருந்துக்கடையில் நெற்றியைத் தொட்டுக் காட்டி மாத்திரை வாங்கியிருக்கிறான். வயிற்றிலும் வலி இருந்தது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டான். அம்மாவிடம் சொல்லவில்லையா? வீடியோ காலில் முகம் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று, நெட் இல்லை என்று சொல்லி வெறும் குரலில் பேசியிருக்கிறான். எண்பதுகளில் பிலாயிலிருந்து அம்மாவுக்கு நான் எழுதிய இன்லண்ட் கடிதங்களில் இருந்ததும் இதே பொய்தான். நன்றாகச் சாப்பிடுகிறேன், உடம்பு சௌக்கியம், குளிர் அதிகமில்லை. எனக்கும் அவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிலாயில் என் அறைக்கு எதிர்வீட்டில் ஒரு மாஜி இருந்தார். சங்கராந்தியன்று எள்ளுருண்டையும் கிச்சடியும் தட்டில் வைத்து, மதராஸிப் பையன் தனியாக இருக்கிறான் என்று கொண்டுவந்து கொடுப்பார். என் பெயரை அவர் சரியாக உச்சரித்ததே இல்லை. ஆனால் கூப்பிடாமல் இருந்ததும் இல்லை.

பொங்கலன்று என்ன செய்தாய் என்று இவனைக் கேட்டேன். மில்லில் விடுமுறை. அவலைத் தயிரில் பிசைந்து வெல்லம் சேர்த்துச் சாப்பிட்டானாம். பீகார், ஜார்க்கண்ட் பக்கம் சங்கராந்திக்கு அதுதான் சாப்பாடு. அவன் அறைக்கு எதிரேயே வீட்டுக்காரர்கள் கோலமிட்டுப் பானை வைத்துப் பொங்கியிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் நல்லவர்கள் என்று அவனே சொன்னான், தண்ணீர் தடையில்லாமல் விடுகிறார்கள், வாடகைக்கு நெருக்குவதில்லை. அவன் கையில் அவலும் வெல்லமும், அவர்கள் கையில் அரிசியும் வெல்லமும். சூரியன் மகரத்தில் நுழைவதைக் கொண்டாடும் அதே காலை. போகிக்கு நாம் கொளுத்துகிற மாதிரி, அசாமில் அதே நாட்களில் மேஜி என்று வைக்கோலும் மூங்கிலும் அடுக்கிக் கொளுத்துகிறார்கள். அந்த அசாம்காரர்களும் இதே தெருவில்தான் இருக்கிறார்கள். ஒரே பண்டிகையை ஒரே தெருவில் தனித்தனியாகக் கொண்டாடி முடித்திருக்கிறோம். நடுவில் இருந்தது பத்தடி அகலச் சந்துதான்.

மாலையில் இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போனேன். 1990இல் போருக்குத் தப்பி வந்தவர்களுக்காக அமைந்தது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், முகாம்களில் 7,469 வீடுகள் கட்டுவதாக அரசு அறிவித்தது. இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே திருமணமாகி, பிள்ளையும் பெற்றவர்களுக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைச் சேர்த்தது, இவர்களைச் சேர்க்கவில்லை. ஆண்களில் பலருக்குப் பெயின்ட் வேலை. காலையில் இதே மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் யாருடைய வீட்டுக்கோ வண்ணம் அடித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான அக்கா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேச்சு வடநாட்டுப் பையன்கள் பக்கம் போனது. "அந்தப் பொடியங்களைப் பாக்கேக்க பாவமாக் கிடக்கு தம்பி. நாங்களும் வந்த புதுசில உப்பிடித்தான். கடைக்குப் போனா எங்கட கதையக் கேட்டிட்டு ஒரு மாதிரிப் பாப்பினம். தமிழ் கதைச்சும் அப்பிடி. இதுகளுக்கு அதுவும் இல்லை." அவருடைய தம்பி கனடாவில் இருக்கிறார், பனி கொட்டும் ஊரில் தனியாக வேலைக்குப் போய் வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் பனியை வழித்துக் கொடுத்ததைத் தம்பி பல வருஷமாகப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். முகாம் வாசலில் இப்போது பானிபூரி வண்டி ஒன்று வருகிறது. அந்தப் பையனுக்கு இந்த அக்காதான் தண்ணீர் கொடுக்கிறார். வடநாட்டுப் பையன் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒருவரை அன்று முழுக்க நான் சந்தித்தது அங்கே மட்டும்தான்.

தனிமை மனசு சம்பந்தப்பட்டது, அவரவர்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். கும்மிடிப்பூண்டியில் அது அப்படி உருவாகவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டும், மாற்றிப் படுக்கும் பாயும், குடும்பத்தை அழைத்துவர முடியாத கூலியும், மொழி தெரியாத மருந்துக்கடையும், தெருவின் சந்தேகப் பார்வையும் சேர்ந்து அதைச் செய்கின்றன. செய்யப்பட்டது என்றால் மாற்றவும் முடியும். கேரளம் 2017இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தில், ஊரைவிட்டு வருகிறவருக்கு அரை மாதக் கூலியை இடப்பெயர்வுப் படியாகத் தர வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது இல்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறை சொந்த ஊர் போய்வரும் செலவை முதலாளி தர வேண்டும் என்ற பிரிவு இருக்கிறது. பலாமு பையனிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவன் கேள்விப்பட்டதே இல்லை. அவன் கடைசியாக ஊருக்குப் போனது அக்காவின் திருமணத்துக்கு, கடன் வாங்கி.

மாவட்ட நிர்வாகத்தையும் ஆலை உரிமையாளர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். கும்மிடிப்பூண்டியிலும், மாவட்டத்தின் மற்றத் தொழிற்பேட்டைகளான தேர்வாய்க் கண்டிகையிலும் காக்களூரிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கும் ஒரு கூடம் வேண்டும். அங்கே பேசத் தமிழ் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர், இந்தியும் ஒடியாவும் அசாமியும் தெரிந்த ஒரு சுகாதாரப் பணியாளர், சில பத்திரிகைகள், உட்கார நாற்காலிகள். ஊர் போய்வரும் பயணப்படி யாருக்கெல்லாம் கொடுக்கப்பட்டது என்ற பட்டியலை ஒவ்வோர் ஆலையின் வாசலிலும், தொழிலாளி படிக்கும் மொழியில் ஒட்ட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இந்தத் தெருக்களில் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் லைன் வீட்டில் இருக்கிற பையன்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாள் வெளியே வராதவனின் கதவைத் தட்டிப் பாருங்கள்.